முன்பனிக்கு முன்

வேனுக்குள் முந்நூறு குச்சிகள்,
ஆளுயரம், தலையில் சிவப்புப் பட்டை.
பனி வந்து எல்லாவற்றையும் மெழுகிய பிறகு
சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று
வெய்யோ ஓட்டும் பனிக்கலப்பைக்குச் சொல்ல
இவற்றை விட்டால் ஆளில்லை.

ஐம்பது மீட்டருக்கு ஒன்று. இரண்டு பக்கமும்.
முதலில் கடப்பாரை, பிறகு குச்சி.
போன வாரம்வரை மண் வெண்ணெய்.
இன்று கடப்பாரை எகிறித் திரும்புகிறது,
தோள்பட்டைக்குள் மணி அடிக்கிறது.
இரண்டாம் குத்தில் ஓடு உடைந்தால்
உள்ளே இன்னும் கோடையின் ஈரம்,
யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததுபோல்.

பிர்ச் மரங்கள்
சம்பள நாளிலேயே எல்லாவற்றையும் தொலைத்தவர்கள்.
ஒரே காற்று, முடிந்தது.
ஸ்ப்ரூஸ் கைமாற்றுக்கூடக் கொடுக்காது.

வளைவில் ஒரு முயல்.
பனியை நம்பி முன்னதாகவே வெளுத்துவிட்டது.
பனியோ வரவில்லை.
பழுப்புக் காட்டின் நடுவே
கொடியிலிருந்து விழுந்த ஒற்றைக் காலுறையாய்
அசையாமல் உட்கார்ந்திருக்கிறது,
தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற உறுதியில்.
பார்க்காதவள்போல
அடுத்த குழியைக் குத்தினேன்.

ஏரி இன்று காலைதான் மூடிக்கொண்டது.
விரல் தடிமன்கூட இல்லை அந்தக் கண்ணாடி.
கல்லெறிந்தால்
கீச்சிட்டுக்கொண்டே அக்கரைவரை ஓடும்.
எறிந்தேன்.
ஐம்பத்திரண்டு வயதில், வேலை நேரத்தில்,
மூன்று கல்.

ஊராட்சிப் பட்டியலில் கடைசி வரி:
பிரிவு வரை மட்டும்.
அதற்கப்பால் அஹ்தியின் வீட்டுக்குப் போகும் அரைக் கிலோமீட்டரை
பேனாவால் அடித்திருக்கிறார்கள். பக்கத்தில்: ஆளில்லை.
ஆகஸ்டிலேயே கயானிக்குப் போய்விட்டானாம்,
தங்கையிடம், லிஃப்ட் வைத்த கட்டடத்துக்கு.
கடையில் சொன்னார்கள்.

பிரிவில் நின்றேன்.
மீதம் இருபத்து மூன்று குச்சிகள்.
தரையில் பிர்ச் பட்டைச் சில்லுகள்,
இங்கொன்று, பத்தடி தள்ளி இரண்டு.
தள்ளுவண்டியில் விறகு போயிருக்கிறது.
எடுத்துப் பார்த்தேன், உட்புறம் இன்னும் ஈரச் செம்மஞ்சள்.
நேற்றைய வெட்டு.

சில்லு போன வழியே நட்டுக்கொண்டு போனேன்.

கொட்டகை வாசலில் அவன், கையில் கோடரி.
குச்சியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"துவோவி, நான் கேட்கவில்லையே" என்றான்.
"நானும் சொல்லவில்லையே" என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
விறகைப் பிளப்பதற்கும் அடுக்குவதற்கும் நடுவில்:
"அந்த லிஃப்டுக்குள் கண்ணாடி இருக்கிறது.
தினமும் நாலு முறை
என்னையே பார்க்க வேண்டியிருந்தது."

கருகிய காப்பி. நின்றபடியே குடித்தோம்.
அவனிடம் கோடரி, என்னிடம் கடப்பாரை,
போருக்கு வந்து காரணத்தை மறந்துபோன
இரண்டு படைகள்.

கோப்பைக்குள் ஏதோ விழுந்தது.
புகைக்கூண்டுச் சாம்பல் என்று நினைத்தேன்.
அடுத்தது என் கம்பளிக் கையில் வந்து உட்கார்ந்தது,
கரையலாமா வேண்டாமா என்று யோசித்தபடி.
பிறகு எண்ண முடியவில்லை.
பக்கத்து அறையில் ரேடியோவை அணைத்தபின்தான்
இதுவரை அது ஓடியது தெரியுமே,
அப்படிக் காடு அடங்கியது.
மணி நாலு. வெளிச்சம் ஒரு கைப்பிடி.

"உன் வேனுக்குக் குளிர்கால டயர் போட்டாயா?" என்றான்.
போடவில்லை.

விடியுமுன் மூன்று மணிக்கு வெய்யோ வருவான்.
பட்டியல் அவன் இருக்கைக்கடியில் ரொட்டித் துணுக்குகளோடு கிடக்கும்.
அவன் ஓட்டுவது குச்சியைப் பார்த்து.
பிரிவில் திரும்புவான்,
கொட்டகை வாசல்வரை தள்ளிவிட்டுப்
பின்னோக்கி வரும்போது ஒருவேளை யோசிப்பான்.
யோசிக்கட்டும்.

வேனில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன்.
நட்டவை. மீதம்: ஒன்று.
உடைந்தவை என்ற கட்டத்தில்
இருபத்து இரண்டு என்று எழுதினேன்.
எழுத்து கோணியது, விரல் மரத்திருந்தது.

வளைவில் வேகத்தைக் குறைத்தேன்,
டயருக்காகத்தான்.
முயல் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.
அதற்குள் முயல் இருந்ததா
என்று சொல்லத் தெரியவில்லை.