சாவா மூவாப் பேராடு

விதிகள் மூன்று, நானே எழுதியவை.
புலி, மீன், வில் எவருக்கும் இல்லை.
ஒருவர் கொடியும் இன்னொருவர் கொடியும்
நூறடி மூடுபனிக்குள் குழம்பக் கூடாது.
கல்லில் இல்லாத பெயரைக் கட்டிக்கொண்டு
மன்னவனூர்ப் புல்வெளிக்கு யாரும்
போருக்கு வரக் கூடாது.

வருஷத்தில் ஒரு ஞாயிறு
தொறு மீட்டுப் பட்ட கதை ஒன்றை நடத்துகிறார்கள்.
ஈட்டி முனையில் பஞ்சு.
கேடயத்தின் விளிம்பில் சைக்கிள் டியூப்.
மாடுகள் மட்டும் நிஜம், வாடகைக்கு.
மூஞ்சிக்கல்லில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
ஒரு ஹீட்டர், கல்வெட்டுத் தொகுதிகள்,
சாயம் ஊறும் ஐந்து ஹார்லிக்ஸ் பாட்டில்.
பெயரும் கொடியும் என் பொறுப்பு.

பல் டாக்டர் ஜெரால்டின் யாழினி கேட்டார்.
தேடினேன், எந்தக் கல்லிலும் இல்லை.
பூதி நங்கை கொடுத்தேன்.
பூதியா பூதமா என்று இருமுறை கேட்டுவிட்டு
எடுத்துக்கொண்டார்.
டயர் கடை இர்ஃபானுக்குச் சோனகன் என்று தொடங்கும் பெயர்,
கொடியில் பாய் விரித்த மரக்கலம்.
மலையில கப்பலா, என்றார்.
இறங்கிப் போன மிளகு எதில் ஏறியது, என்றேன்.
எஸ்டேட் மேலாளர் நான்கு வரி நீளத்துக்குப் பட்டம் கேட்டு
மூவேந்தவேளானில் வந்து நின்றார்.

குழந்தைவேலு கடைசியாக வந்தான்.
ஆட்டுப் பண்ணையில் தினக்கூலி.
கையில் பூம்பாறைப் பூண்டு ஒரு கட்டு.
"பட்டம் வேண்டாம்க்கா. ஊரு வேண்டாம்.
யாருக்குக் கீழேன்னும் வேண்டாம்.
வெறும் பேரு."

வெறும் பேர்.
நிலம் கொடுத்தவன் கல்லில் ஏறினான்.
குத்துப்பட்டுச் செத்தவன் ஏறினான்.
விற்கப்பட்டவர்களும் ஏறினார்கள், விலையோடு.
மூன்று இரவு புரட்டினேன்.

நான்காம் இரவு ஒரு விளக்குக் கொடை.
ஒரு விளக்கு அணையாமல் எரியத்
தொண்ணூற்றாறு ஆடு.
கொடுத்தவன் புகழ் ஏழு வரி.
அவற்றை ஓட்டிக்கொண்டு போனவன்
கடைசி வரியில், கல் உடைந்த இடத்தில்:
'...ன் காரியேன்
சாவா மூவாப் பேராடு கைக்கொண்டேன்.'

கிழடு தட்டாது, சாகாது.
ஒன்று போனால் ஒரு குட்டி அதன் இடத்தில்;
கணக்கில் எந்நாளும் தொண்ணூற்றாறு.
சொன்னதும் சிரித்தான்.
"எங்க ரெஜிஸ்டரும் அப்படித்தான்க்கா.
போன பனியில பதினொண்ணு செத்துச்சு.
ஆடிட்டுக்கு எண்ணிக்கை சரி."

காரி ஆனான். கொடிக்கு ஆடு.
மேகம் மாதிரிக் கம்பளி வேண்டுமாம்.
அது மெரினோ, நேற்று வந்தது;
காரி மேய்த்தது முடியாடு, விலா தெரியும்.
"ஒல்லியா?"
ஒல்லி.
வெகுநேரம் யோசித்தான்.
"காதையாவது பெருசாப் போடுங்க."

அந்த ஞாயிறு பதினோரு மணிக்கு மழை.
காரி முதல் நிமிஷத்திலேயே விழுந்தான்,
பட்டியல் அப்படி.
ஓலமிட வேண்டிய பூதி நங்கை
காரீ காரீ என்று கதற,
செத்தவன் தலை தூக்கி
என்னங்க டாக்டர், என்றான்.
கொடியின் மஞ்சள் கரைந்து
அவன் முழங்கை வழியாகப் புல்லில் இறங்கியது.
அவுரி நீலத்தில் ஆடு மட்டும் நின்றது.

பிப்ரவரியில் கவுஞ்சி பஸ்ஸில் போகிறேன்.
பண்ணை வளைவில், குட்டிக் கொட்டகையின்
கண்ணாடி போன ஜன்னலில்
அந்தத் துணியை ஆணியடித்து வைத்திருக்கிறான்.
காற்று உள்ளிருந்து தள்ளும்போது
ஒல்லி ஆடு உப்பி உப்பி மெரினோ ஆகிறது,
பிறகு இளைத்துவிடுகிறது.

இரவு பதிவேட்டைத் திறந்தேன்.
பெயர்: காரி.
சான்று: உடைந்த கல்.
தந்தை பெயர்க் கட்டத்தில்
ஒரே ஒரு ன்.
அதற்கு முன்னால் எவ்வளவு இடம் விடுவது என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.