எனக்கு முன்னால் போனவர்

பண்ணைப் பாலத்தில் இரவு எட்டே முக்கால்.
கடல் வற்றிக் கிடந்தது. சேற்று மணம்.
சார்ஜன்ட் விஜேகோன் ஜீப்புக்குள் இருந்தபடி
இரண்டு விரலைக் காட்டினார்:
இந்த மாதக் கணக்குக்கு இன்னும் இரண்டு.

முதலில் வந்தவர் வெள்ளைச் சட்டை.
சைக்கிளில் லைற் இல்லை.
கரியரில் ஒரு கட்டு மரவள்ளிக் கிழங்கு.
மறித்தேன். இறங்கினார்.
"தம்பி, டைனமோவையும் இழுத்துக்கொண்டு
இந்தக் காத்துக்கு எதிரா மிதிக்கேலாது."
பொய்யில்லை. சோழகம் அந்த நேரம்
என் தொப்பியையே பிடுங்கிக்கொண்டிருந்தது.

அவர் யாரோடு மோதினார்? ஒருவரோடும் இல்லை.
யார் வந்து முறையிட்டது?
தீவுப் பக்கத்துக் கடைசி பஸ்கூட
ஒதுங்கித்தான் போயிருந்தது.
சட்டத்தில் அவருக்கென ஒரு பிரிவு இருக்கிறது.
என் பேனைதான் எழுதவில்லை.
உதறியிருந்தால் எழுதியிருக்கும்.
நான் உதறவில்லை.

"உருட்டிக்கொண்டு போங்கோ" என்றேன்.
இருபது யார் உருட்டினார். பிறகு ஏறி மிதித்தார்.
அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெடியன்.
அவனுக்கும் லைற் இல்லை.
ஒற்றைக் காதில் கடுக்கன்.
மறித்ததும் "என்ன?" என்றான்.
ஐயா இல்லை, சேர் இல்லை,
வெறும் என்ன.
எனக்குப் பின்னால் ஜீப்பின் கதவு திறக்கும் சத்தம்.

பேனையை உதறினேன்.

பெயர் கிருசிகன். வயது பத்தொன்பது. ஊர் மண்கும்பான்.
தொடையில் வைத்து எழுதினேன்,
கார்பன் தாள் காற்றில் படபடத்தது.
அவன் கெஞ்சவில்லை.
தண்டம் எவ்வளவு என்றும் கேட்கவில்லை.
"எனக்கு முன்னாலை போன ஐயாவுக்கு
எவ்வளவு எழுதினீங்கள்?"

படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன்,
பதில் அங்கே எங்கோ இருப்பதுபோல.
முகவரிக்கு இடம் இருக்கிறது. நேரத்துக்கு இருக்கிறது.
கண்ட உத்தியோகத்தரின் இலக்கத்துக்கு
நீளமாகவே ஒரு கோடு.
கண்டும் விட்டதற்கு ஒரு கட்டமும் இல்லை.

"என்னவாம்?"
சிங்களத்தில் கேட்டார் சார்ஜன்ட்.
எங்கள் இருவருக்கும் நடுவில்
அந்த இரவில் நான் ஒருவன்தான் இரண்டு மொழிக்காரன்.
"ஒன்றுமில்லை, சேர்" என்று
மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

பெடியன் சிட்டையை மடித்து
சட்டைப்பைக்குள் வைத்தான்.
என்னைப் பார்த்தபடியே சைக்கிளை உருட்டினான்,
ஏறவே இல்லை,
மண்டைதீவுச் சந்திவரை அப்படித்தான் போயிருப்பான்.

சார்ஜன்ட் ஒரு விரலை மடக்கினார்.
மற்றது
ஜீப் கண்ணாடிக்குப் பின்னால்
நிமிர்ந்தே நின்றது.