மீதி: ஒன்று

வெள்ளி மாலை ஆறரைப் படகு,
ரோகுக்யுலா துறையிலிருந்து ஹீயுமா தீவுக்கு.
கார்த் தளத்தில் மீதி: ஒன்று.

ஓர் இழை வந்து கேட்டது, எத்தனை?
ஒன்று என்றது ஆப்ஜெக்ட்.
அது கழித்து எழுதுவதற்குள்
இன்னோர் இழை வந்து கேட்டது, எத்தனை?
ஒன்று என்றது ஆப்ஜெக்ட்.
பொய் சொல்லவில்லை.
இருவருக்கும் உண்மையைத்தான் சொன்னது.

மீதி: மைனஸ் ஒன்று.
பால்டிக் கடலில்
அப்படியோர் இடம் இல்லை.

தாலின், நான்காம் மாடி.
ஹெல்வே பதிவுகளைப் புரட்டுகிறாள்.
இரண்டு விற்பனைக்கும் நடுவே மூன்று மில்லி செகண்ட்.
ஓர் இமைப்புக்குள் முப்பது தடவை நடக்கக்கூடிய தவறு,
ஆயிரம் தடவை ஓட்டியும் வரவில்லை.
எட்டிப் பார்க்க ஒரு வரி சேர்த்தால்
அந்த வரியின் தாமதத்திலேயே ஒளிந்துகொள்கிறது.
இழைக்கும் பிழைக்கும்
ஒரு மெய்யெழுத்துதான் தூரம்.

பூட்டினாள்.
இடத்துக்கு ஒரு பூட்டு, பணத்துக்கு ஒரு பூட்டு.

ஞாயிறு காலை எல்லாம் நின்றது.
சத்தமில்லை, புகாரில்லை,
சூடு தணிந்து மின்விசிறியும் அடங்கிவிட்டது.
ஒன்று இடத்தைப் பிடித்துக்கொண்டு பணத்துக்குக் காத்திருந்தது,
ஒன்று பணத்தைப் பிடித்துக்கொண்டு இடத்துக்கு.
'என் வீட்டு விவாகரத்து' என்றான் பக்கத்து மேசை டாவெட்.
'வீடு அம்மாவிடம், படகு அப்பாவிடம்.
மற்றது கைக்கு வந்தால்தான் கையெழுத்து.
ஏழு வருடம்.'

அவள் சிரித்துவிட்டு எழுதினாள்:
யாரானாலும் முதலில் இடம், பிறகுதான் பணம்.
கிடைக்காதவன் கதவைத் தட்டிக்கொண்டே நிற்காமல்
தூங்கட்டும்.
வெளியே வருபவன்
அவனை எழுப்பிவிட்டுப் போகட்டும்.
பத்து வரி. ஓடியது.

மன்னிப்புக் கேட்கத் துறைமுகத்தை அழைத்தாள்.
அந்த வெள்ளி கரையில் நின்றுபோனது யார்?

'யாருமில்லையே' என்றான் என்டெல்,
கயிறு கட்டுபவன்.
'வெல்லோ வண்டியில் தேனீப் பெட்டிகள்,
வெயிலில் வைக்க முடியாது.
மாரிகாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
சிமெண்ட் லாரிக்காரனை
ஒரு முழம் முன்னே போகச் சொன்னேன்.
கண்ணாடிகளை மடக்கினோம்.
மாரிகா ஜன்னல் வழியாக இறங்கினாள்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.'

ஹெல்வே வரிகளை மறுபடி பார்த்தாள்.
அந்த ஒரு முழம் அவற்றில் எங்கும் இல்லை.
இருந்தால் கப்பல் சாயும்.

குறிப்பில் எழுதினாள்: பிழை நீங்கியது.
வேறென்னவோ தட்டத் தொடங்கி
அழித்தாள்.