கலங்கல்

குருசடைத் தீவோரம் வல்லத்திலிருந்து இறங்கும்போது
வழுக்குக் கல் என் காலை விட்டுவிட்டது.
முழங்கால் ஆழம்தான். இடது கையை ஊன்றினேன்.
காய்ந்த கட்டக்கோரையை மிதித்தது போல ஒரு நொறுங்கல்.
அது தண்ணீருக்குள் கேட்டதா, எனக்குள் கேட்டதா,
இன்னும் தெரியாது.
பூரணம் திரும்பிப் பார்த்தாள்:
"ஏடி, உன் கையில ஏன் இன்னொரு மூட்டு இருக்கு?"

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
முத்திருளாயி, பெண், நாற்பத்தொன்பது.
எங்கே விழுந்தீங்க?
தீவுப் பக்கம் போனால் வனத்துறை வல்லத்தைப் பிடிக்கும்.
வீட்டு வாசல்ல, என்றேன்.
டாக்டர் பெனாசிர் என் உள்ளங்கையில் ஏறியிருந்த
பவளத் துணுக்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக்
கிண்ணத்தில் போட்டார்.
டிங். டிங்.
ஒன்றும் கேட்கவில்லை.

படத்தை வெளிச்சத்தில் பிடித்தவர்,
"வாசல்ல விழுந்ததுக்கா இவ்வளவு?
உள்ளே சல்லடையா இருக்கும்மா எலும்பு.
தூரம் நின்னு எத்தனை வருசம்?"
ஏழு.
என் எலும்பின் மானம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
வல்லத்து விளிம்பு, பாசிக்கல், இடுப்பில் கட்டிய சாக்கு,
எல்லாம் தொண்டைவரை வந்தன.
சொன்னால் எலும்பு தப்பும்.
வல்லம் போய்விடும்.

இரண்டு பேர் எதிரெதிரே நின்று கையை இழுத்தார்கள்.
வலை இழுத்தாலாவது ஏதாவது வரும்.
ஈர மாவு சூடேறி இறுகியது.
ஆறு வாரம் தண்ணீர் படக்கூடாது.
பன்னிரண்டு வயதில் கடலுக்குள் இறங்கியவள் நான்.
ஆறு வாரம் காய்ந்த உடம்பு
எனக்கு இருந்ததே இல்லை.

வெட்டி எறி, நாட்டுக்கட்டு போடு,
முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் போதும் என்றாள் நாத்தனார்.
எனக்குப் பயம் கட்டைப் பற்றி இல்லை.
என் அக்கா எங்கிருந்தும் விழவில்லை.
பாயில் புரண்டு படுத்தாள், இடுப்பு ஒடிந்தது.
பிறகு எழவே இல்லை.
விதி என்றார்கள்.
சல்லடை என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் மறுபடி படம்.
முதல் படத்தில் முறிவு
பிளேடால் கீறியது போலத் தெளிவு.
இதில் அந்த இடம் புகைந்து,
கழனித்தண்ணீர் ஊற்றிய மாதிரி.
நெஞ்சு அடைத்தது.
முப்பத்தேழு வருசத்தில் நான் படித்த ஒரே பாடம்:
தண்ணீர் கலங்கினால் வீட்டுக்குப் போ.
கச்சான் கிளப்பிய சேற்றில்
மரிக்கொழுந்துப் பாசியும் தெரியாது, சொறியும் தெரியாது.

"கெட்டுப் போச்சாம்மா?"

"இதுதான் நல்லது. முதல்ல ரத்தம் கட்டும்,
அப்புறம் குருத்தெலும்பு. அதுல சுண்ணாம்பு ஏறும்போது
இப்படித்தான் மங்கும். அந்தக் கோடு அழியணும்.
தெளிவா இருந்தாத்தான் நான் பயப்படணும்."

பஸ் பாலத்தில் ஏறியது.
தென்கடல் கண்ணாடி. வடகடல் கலங்கிக் கிடந்தது.
வடகடலை முதல் தடவையாக
மரியாதையோடு பார்த்தேன்.

கட்டை அறுத்தபோது
உள்ளேயிருந்து வேறு யாருடைய கையோ வந்தது.
மெலிந்து, வெளுத்து, தோல் உரிந்து,
மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக.
"உள்ளே இன்னும் ஒரு வருசம் செதுக்கிக்கிட்டே இருக்கும்,"
என்றார் டாக்டர்.
மாத்திரைச் சீட்டு எழுதினார். பால் குடிக்கச் சொன்னார்.
நெத்திலியை முள்ளோடு மெல்கிறவள் நான் என்றேன்.
சிரித்தார். கதவருகே போனபோது கூப்பிட்டு,
"அலை அதிகமா இருக்கிற அன்னைக்கு
வாசலுக்குப் போகாதீங்க" என்றார்.

இன்று பூரணம்தான் விரல்களில் துணி சுற்றிவிட்டாள்.
மூழ்கினேன்.
நான் கை ஊன்றிய இடத்தில்
ஒரு பவளக் கிளை ஒடிந்து கிடக்கிறது,
இன்னும் ஒட்டாமல்.
அதைச் சுற்றிக்கொண்டு போனேன்.
வலது கை பிடுங்கி இடது கையில் கொடுக்கிறது.
இடது கை பிடிக்கிறது, நழுவவிடுகிறது.
பாசி மெதுவாகக் கீழே இறங்குகிறது.
மூச்சு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.