நிதானம்

ஃப்ளோரெஸ் தீவில் மூடுபனி இறங்குவதில்லை,
கடலிலிருந்து ஏறும்.
அதற்குள்ளிருந்து ஒரு கை நீண்டு
என் அண்ணன் ஸெஃபெரினோவின் பால் வண்டியை நிறுத்தியது.
காலை ஆறரை.
லிஸ்பனிலிருந்து போன வாரம் மாற்றலாகி வந்த போலீஸ்காரர்.
"இறங்கு. இந்த வெள்ளைக் கோட்டின் மேல் நட."

நடந்தான்.
கோடு நேராகத்தான் கிடந்தது.
இவன் கால்களை அகட்டி,
அலையில் ஆடும் படகில் நிற்பவனைப் போல,
மூன்றாம் அடியில் ஹைட்ரேஞ்சா வேலியைப் பிடித்தான்.
ஊதச் சொன்னார். ஊதினான். பூஜ்யம்.
மறுபடி ஊது. பூஜ்யம்.
கருவி நம்பியது.
அவர் குறிப்பேட்டில் எழுதினார்:
"ஆள் நிதானத்தில் இல்லை."

பொய்யென்று எப்படிச் சொல்வேன்?

நான் ஓர்ட்டாவில் ஸ்கேன் எடுப்பவள்.
பிடரிக்குச் சற்று மேலே கை வைத்துப் பாருங்கள்,
உள்ளங்கைக்குள் அடங்கும் இடம். சிறுமூளை.
ஒரு ஆரஞ்சுப் பழத்தின் கனம்.
மஃப்ளரை மடிப்பு மடிப்பாய்த் திணித்தது போல,
குறுக்கே வெட்டிய படத்தில்
இலையுதிர்ந்த ஒரு வெள்ளை மரம்.
நடுவில் ஓடும் முகட்டுக்குப் புழு என்று பெயர்.
அந்தப் புழுதான் நம் முதுகை நிமிர்த்தி உட்காரவைக்கிறது.

கட்டளையிடுவது அதன் வேலையில்லை.
கையை நீட்டு என்று மேலிடம் சொல்லும்போது
நகல் ஒன்று இதற்கும் வரும்.
கை எங்கே போயிருக்கிறது என்ற சேதியும் வரும்.
இரண்டையும் ஒத்துப் பார்த்து,
இம்மி கூட, இம்மி குறைய,
கை கிளம்பியபின் கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கும்.
அங்கே பர்கின்ஜி என்றொரு செல்,
விசிறியைப் போல் தட்டையாய்க் கிளைத்தது.
லட்சம் பேர் அதன் காதில் பேசுவார்கள்,
அது திருப்பிச் சொல்லும் சொல் ஒன்றே:
வேண்டாம்.
நீங்கள் கோப்பையைத் தாண்டாமல் கோப்பையைப் பிடிப்பது
இத்தனை வேண்டாம்களின் தயவில்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் இன்னும் சொல்லப்படுகிறது.
கேட்டுக்கொள்ள வேண்டிய இடம்தான்,
மரத்தின் அடியில்
கசங்கிய பணப்பை போலிருக்கும் அந்தச் சிறு கரு,
ஆளாளாய்க் காலியாகிறது.
அம்மாவுக்கு முப்பத்தெட்டில் தொடங்கியது.
கடைசியில் மகனைக் கூப்பிட
நான்கு தனித்தனி மூச்சு வேண்டியிருந்தது.
ஸெ.
ஃபெ.
ரி.
னோ.

எனக்கும் பாதி வாய்ப்பு.
ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுக்கவில்லை.
படியில் தடுக்கினால் மற்றவர்கள் செருப்பைப் பார்ப்பார்கள்.
நான் தேதியைப் பார்ப்பேன்.
நோயாளி வரும் முன் ஸ்கேன் அறையில்
கண்ணை மூடி, விரலால் மூக்கைத் தொடுவேன்.
பத்து முறை. இன்று பத்தும் சரி.
ஒன்பதாவது கொஞ்சம் கன்னத்துப் பக்கம்.
இல்லை, சரிதான்.

அன்று நடந்த மிச்சத்தை அவனே போனில் சொன்னான்,
குழறிக் குழறி, நடுநடுவே சிரித்து.
"நீங்கள் ஒருமுறை நடந்து காட்டுங்கள்" என்றானாம்.
அவருக்குக் கோபம்.
ஆனாலும் நடந்தாராம், பனிக்குள்,
குதிகால் முன் விரல், விரல் முன் குதிகால்,
துப்பாக்கி இடுப்பில் ஆட,
பாதியில் தொப்பியைக்கூடச் சரிசெய்துகொண்டு.
"என்ன அழகு தெரியுமா, இடாலினா!
தான் என்ன செய்கிறோம் என்று
அந்த மனுஷனுக்குத் தெரியவே இல்லை."

அதற்குள் ரொட்டி வண்டிக்காரி எர்மெலிந்தா வந்து
அவர் காதில் எங்கள் குடும்பப் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.
இந்தத் தீவில் அது போதும்.
அவர் எழுதிய தாளைக் கிழிக்கவில்லை,
மன்னிப்பும் கேட்கவில்லை.
பால் திரிந்துவிடும், நான் ஓட்டுகிறேன் என்றாராம்.

சாவியை நீட்டியபோது
அண்ணனின் கை அவர் கையைத் தாண்டிப் போனது,
திரும்பி வந்தது, மறுபடி தாண்டியது.
பிடுங்கவில்லையாம்.
உள்ளங்கையை விரித்தபடி
நின்றாராம்.