ஏழாம் அலைவரிசை

மூன்று நாளைக்கு அம்பாங் சாலை எங்களுடையது அல்ல.
நள்ளிரவிலேயே லோரியில் வந்திறங்கிவிட்டன
பூந்தொட்டிகள், இரும்பு வேலிகள்,
முகம் தெரியுமளவுக்குத் துடைத்த கொடிக்கம்பங்கள்.
பாலத்தடியில் நாசி லெமாக் விற்கும் ரொசித்தாவிடம்
மாநகராட்சிக்காரன் மரியாதையாகத்தான் சொன்னானாம்:
"வெள்ளிக்கிழமை வரைக்கும் கடை வேண்டாம், காக்.
நாடு அழகாக இருக்க வேண்டும்."
அவளும் மரியாதையாகத்தான் கேட்டாளாம்:
"அப்புறம்?"

என் வேலை காதுகள்.
நானூற்றுப் பன்னிரண்டு காதொலிக் கருவிகள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண்.
தொலைந்தால் ஒன்றுக்கு முந்நூற்று எண்பது வெள்ளி.
முதலாளி பூன் கியாட் கணக்கில் கருணைக்குப் பத்தி கிடையாது.

ஒன்றில் ஆங்கிலம், இரண்டில் பிரெஞ்சு,
அரபு, சீனம், ஸ்பானியம்,
ஆறில் மலாய்.
ஏழு காலி.
காலி என்றால் ஓசையில்லை என்றல்ல,
மழை தொடங்கும் முன்
தகரக் கூரையில் இருக்குமே, அந்த இரைச்சல்.

காலை ஐந்தரை.
மோப்ப நாயொன்று மேடையை முகர்ந்துவிட்டுப் போனது.
ஒலிவாங்கியைச் சோதிக்க வேண்டும்.
கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து அஸ்மான்
கட்டைவிரலைக் காட்டுகிறான்.
ஒண்ணு, ரெண்டு, மூணு என்றேன்.
அதோடு விட்டிருக்கலாம்.
வீட்டு வாடகை ஆயிரத்து நூறு என்றேன்,
காடித் தவணை நானூற்று அறுபது,
மூத்தவள் பல்லுக்குக் கம்பி,
மாமனார் ஆஸ்பத்திரிக் கடனில் மிச்சம்,
முட்டை விலை மறுபடி ஏறிவிட்டது.
நானூறு வெற்று நாற்காலிகள்
குறுக்கே பேசாமல் கேட்டன.
"தெளிவாக இருக்கிறது" என்றான் அஸ்மான்,
ஒரு சொல்லும் புரியாமல்.

பிறகு அவர்கள் வந்தார்கள்.
வளரும் நாடு, வளரும் நாடு என்று
வரவேற்புரையில் ஒன்பது தரம்.
நான் செந்தூலில் ஆறாம் வகுப்புப் படித்தபோதே
இந்த நாடு வளர்ந்துகொண்டுதான் இருந்தது.
நான் ஐந்தடி ஆறங்குலத்தில் நின்றுவிட்டேன்.

அரபுக் கூண்டில் ஹனான், இஞ்சி மிட்டாய் சப்புகிறவள்,
இடைவேளையில் சொன்னாள்:
"எல்லாரையும் உள்ளடக்கிய வளர்ச்சி
என்று யாராவது தொடங்கினால்
நான் தண்ணீர் குடித்துக்கொள்வேன்.
அந்த வாக்கியம் எப்படி முடியும் என்று தெரியும்."

தவமணியிடமிருந்து செய்தி:
'ரெண்டாவது பஸ்ஸும் வரல. சாலை அடைச்சிருக்கு.
உங்க விருந்தாளிங்க எப்போ கிளம்புவாங்க?'

இரண்டாம் நாள் பிற்பகல், ஒரு தீவின் நிதியமைச்சர்.
பெயர்ப்பலகையைப் பார்க்காவிட்டால்
அப்படியொரு நாடு இருப்பதே எனக்குத் தெரியாது.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
சிவப்பு விளக்கு எரிந்ததும்
ஒலியை அறுப்பது என் விரல்.
எரிந்தது.
அவர் தாளிலிருந்து கண்ணை எடுத்திருந்தார்.
விரல் பொத்தான்மேல்தான் இருந்தது, அழுத்தவில்லை.
"எங்களுக்குக் கப்பல் மாதம் இருமுறைதான் வரும்.
ஒருமுறை வராவிட்டால்
பள்ளியில் மதியச் சாப்பாடு கிடையாது.
இதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?"
பதினொரு விநாடி.
அதன்பின் அழுத்தினேன்.
தலைவர் நன்றி சொன்னார்.
ஹனான் தண்ணீர் குடிக்கவில்லை.

கூட்டறிக்கை வந்தது, இருபத்துமூன்று பத்திகள்.
கைதட்டினார்கள், படமெடுத்துக்கொண்டார்கள்,
முன்னும் பின்னும் சைரன் ஒலிக்க விமான நிலையம் போனார்கள்.
நான் குனிந்து காதுகளைப் பொறுக்கினேன்.
ஒன்று தேநீர்த் தட்டில் கிடந்தது.
ஒன்று பூந்தொட்டியில், ஆர்க்கிட் வேரோடு.
நானூற்றுப் பதினொன்று.
மறுபடி எண்ணினேன். இருநூற்று ஏழைக் காணோம்,
அந்தத் தீவுக்காரர் இருக்கை.
மறந்து சட்டைப்பையில் போட்டிருப்பார்.
இந்த மண்டபத்துக்கு வெளியே
அதில் ஏழாம் அலைவரிசை மட்டும்தான் கேட்கும்.
பூன் கியாட் மூன்று தவணையாகப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார்.

வெளியே பூந்தொட்டிகளை லோரியில் ஏற்றுகிறார்கள்.
பாலத்தடியில் மேசை விரித்திருந்தாள் ரொசித்தா.
பொட்டலத்துக்கு ஐம்பது காசு ஏறியிருந்தது.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
இரண்டு வாங்கினேன்,
தவமணிக்கு முட்டை வைத்து.