இரண்டு மடங்கு வேகம்

ஓல்டனில் நவம்பர் என்றால்
காது கொடுத்தால்தான் தெரியும்
ஆறு ஓடுகிறதா என்று.
பனிமூட்டம் இலவசம் என்று தெரியாமலா
அறுபது ஃப்ராங் கொடுத்துப்
புகை இயந்திரம் வாடகைக்கு எடுத்தோம்?
தெரியும்.
"நமக்குத் தேவையான அன்றைக்கு மட்டும்
வெயில் எறிக்கும், இருந்து பார்," என்றாள் ஃப்ளுரீனா.

அவளுடைய அப்பாவின் இசைத்தட்டு உறையில்
நான்கு பேர்.
புகை, தோள்வரை முடி,
யாரையோ அடிக்கப் போகிற முகம்.
உறையின் மூலையில் காப்பிக் கோப்பை வைத்த வட்டம்.
அதையும் படத்தில் கொண்டுவர வேண்டும் என்றான் யானிக்.
கேமரா அவனுடையது,
ஆகவே தலையாட்டினோம்.

ஞாயிறு காலை ஐந்தரை. கூரை போட்ட மரப்பாலம்.
ஃப்ளுரீனா பாஸ் கிட்டார்
(வயலின் தவிர வேறு தெரியாது).
உர்ஸ் லீட் கிட்டார், மூன்று நரம்போடு.
ஆர்டித்துக்கு இரண்டு முரசு, ஒரு தட்டு,
மீதி அட்டைப்பெட்டி, கறுப்பு நாடா.
பாடகன் நான்.
பெண்பிள்ளை என்பதை ஒருவரும் பொருட்டாக எடுக்கவில்லை.
உயரம் சரி என்றார்கள்.
விக் எல்லாம் கார்னிவல் கடையில் எஞ்சியவை.
என்னுடையது சிங்கத்துக்குச் செய்தது,
காதுகளை வெட்டி எடுத்தோம்.

பனிமூட்டம் வந்தது.
வந்ததென்ன, ஏறி உட்கார்ந்தது.
ஆர்டித்தைக் காணவில்லை,
அவன் குச்சிகளின் நுனி மட்டும்.
புகை இயந்திரத்துக்குப் பாலத்தில் மின்சாரமும் இல்லை;
ஆர்டித்துக்கு அது இருக்கையானது.
அறுபது ஃப்ராங்குக்கு நல்ல முக்காலி.

யானிக்கின் திட்டம் இதுதான்:
பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவோம்,
அதே வேகத்தில் வாயசைப்போம்,
பிறகு படத்தைப் பாதியாக மெதுவாக்கினால்
உதடு பாட்டோடு சேரும்,
முடி மட்டும் தண்ணீருக்குள் போல மிதக்கும்.
என் கைபேசியை ஒரு சோற்றுச் சட்டிக்குள் வைத்தோம்,
சத்தம் பெருகட்டும் என்று.
அந்த மாபெரும் குரல்
சட்டிக்குள்ளிருந்து
அணில் சண்டையாக வெளியே வந்தது.

முதல் சரணம் தப்பியது.
இரண்டாவதில் ஆங்கிலம் என்னைவிட்டு இறங்கிப் போனது,
ஒரு சொல் இல்லை,
ஒரு எழுத்து இல்லை.
யானிக் விரலைச் சுழற்றுகிறான், நிறுத்தாதே நிறுத்தாதே.
வாய் எதையாவது சொல்லத்தானே வேண்டும்.
இரவு வேலைக்குப் போகும்போது
படியிறங்கிக்கொண்டே அம்மா சொன்ன பட்டியல்
தொண்டைக்குள் இன்னும் சுடச்சுட இருந்தது.

செத்தல் மிளகாய் ஒரு கிலோ கறிவேப்பிலை
சின்னவெங்காயம் நல்லெண்ணெய் ரம்பை
கையை வானத்துக்கு விரித்து
முழங்காலில் விழுந்து
பெருஞ்சீரகம்.

மூன்றாவது முறை எடுக்க முடியவில்லை.
நாயோடு வந்த ஒருவர்
நாய் பயப்படுகிறது என்றார்.
நாய் வாலாட்டிக்கொண்டு நின்றது.

வெட்டி ஒட்டிய இரவு
என் முகம் திரை நிறைய, பாதி வேகத்தில்,
உலகம் முடிந்துபோன துக்கத்தோடு
வெங்காயம் கேட்டது.
உர்ஸ் கண்ணைத் துடைத்தான்.
"இந்த இடம் கிடக்கட்டும். தொடாதே."
நான் வாய் திறக்கவில்லை.

ஆறுக்கு நாலரை.
இரண்டாவது சரணத்தில் உதடு பொருந்தவில்லை,
மற்றபடி உணர்ச்சி இருக்கிறது
என்று எழுதினார் ப்ரூகர் ஆசிரியை.

மருத்துவமனைச் சலவைப் பகுதியில்
அதிகாலை மூன்று மணி இடைவேளை.
பக்கத்தில் ஒருத்தி மேசையில் தலைவைத்து நித்திரை,
அதனால் அம்மா
சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள்
ஏழு நிமிடமும்.

மூன்று பதினொன்றுக்குச் செய்தி வந்தது:
"வடிவாயிருக்கு. முட்டுக்கால் நோகேல்லையோ?
நல்லெண்ணெய்க்குப் பிறகு
மயிர் வந்து வாயை மறைக்குது.
என்ன சொன்னனி?"

ரம்பை,
என்று எழுதி அனுப்பினேன்.
அதை மட்டும்தான்
வாங்க மறந்திருந்தேன்.